ஈறு நோயும் "அலட்சியம்" என்னும் குற்றச்சாட்டும்

பெங்களூரின் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோயியல் பயிலும் மாணவர் எவரும் 8, 81, 11 ஆகிய மூன்று எண்களை அறியாமல் தேர்வெழுதுவதில்லை. ஹெரால்டு லோவும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 1985 வரை "இலங்கைத் தொழிலாளர்" 480 பேரிடம் தொடங்கி நடத்திய ஆய்வின் முடிவுகள் அவை. அந்தத் தொழிலாளர்கள் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் என்பதும், பல் நோய்க்கான தடுப்போ சிகிச்சையோ எட்டாத மக்கள் என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதும் வகுப்பறையில் பேசப்படுவது அரிது. எண்கள் நினைவில் நிற்கின்றன, மனிதர்கள் நிற்பதில்லை.

மறக்கப்படுவது மனிதர்கள் மட்டுமல்லர். அந்த ஆய்வு சொன்ன பாடமும் மறக்கப்படுகிறது.

லோ 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் வேறொன்றை நிறுவியிருந்தார். ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது மறைந்தது. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈறழற்சிக்குக் காரணம் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. பற்பசை விளம்பரங்களும் பள்ளி முகாம்களும் இந்த ஒரு முடிவோடு நின்றுவிட்டன. ஈறு கெட்டவர் அலட்சியக்காரர் என்னும் தீர்ப்பு அங்கிருந்தே பிறந்தது.

மலையகத்தின் சான்றோ அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. தோட்டத் தொழிலாளர் அனைவருக்கும் படலமும் காரையும் மிகுதியாக இருந்தன. ஆயினும் 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறழற்சியைத் தாண்டவே இல்லை. ஒரே பராமரிப்பின்மைக்கு மூன்று விதமான விளைவுகள். துலக்குவது இன்றியமையாதது, ஆனால் ஒருவருடைய எலும்பு எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதை அது மட்டுமே தீர்மானிப்பதில்லை. உடலின் எதிர்வினை, புகையிலை, கட்டுக்குள் இல்லாத நீரிழிவு ஆகியவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

அவ்வாறாயின், அந்த எட்டுப் பேரை முன்னதாகவே கண்டறிவது யார்? கண்ணாடி காட்டாது. நோய் பெரும்பாலும் வலியின்றி வளர்கிறது. புகைப்பவருக்கு இரத்தக் கசிவு என்னும் எச்சரிக்கைகூட மங்கிவிடுகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பையின் ஆழத்தை அளவுகோலிட்டு அளக்க ஒரு பயிற்சி பெற்ற கை வேண்டும். இறுகிய காரையைத் தூரிகை அகற்றாது. அதற்கும் ஒரு கை வேண்டும். கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை என்பதால், அந்தக் கை காலத்தே வரவேண்டும்.

"துலக்குவதற்குச் செலவில்லை, அரசு எதற்கு?" என்று கேட்போருக்கு விடை இதுவே. விடியுமுன் தெருவில் இறங்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு அந்தக் கை எந்த நேரத்தில், எங்கே கிடைக்கும்? சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று அவர் அஞ்சினால், அது வெறும் அறியாமை அன்று. எலும்பு கரைந்த பல்லைக் காரை பிடித்து நிறுத்தியிருந்தது என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை என்பதே பொருள்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, கடுமையான ஈறு நோயுற்றோர் 100 கோடிக்கு மேல் என்கிறது. இத்தனை பேரையும் சோம்பேறிகள் என்று சொல்லும் துறை, தன் சோம்பலை மறைக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. நகரின் நம்ம கிளினிக்குகளில் சர்க்கரை அளவு பார்க்கும் அதே நாளில் ஈறையும் பார்க்கட்டும். நீரிழிவு ஈறைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கிறது. கல்லூரிகள் முகாம்களில் எண்ணிக்கை எடுப்பதோடு நில்லாமல், கண்டவர்களைச் சிகிச்சை முடியும்வரை தொடரட்டும்.

நோய் வளர்வதைப் பார்த்து எழுதியதற்கு 1970இல் "ஆய்வு" என்று பெயர். சிகிச்சை தெரிந்த நகரத்தில் இன்றும் அதையே செய்தால், அதற்கு வேறு பெயர்தான் இட வேண்டும்.