சிட்லபாக்கத்து வானமும் பரண் மேல் ஸ்பிட்ஃபயரும்

சிட்லபாக்கத்துக்காரர்களுக்கு விமானச் சத்தம் வீட்டு ஃபேன் சத்தம் மாதிரி. ஒரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் மீனம்பாக்கம், பக்கத்திலேயே குரோம்பேட்டை எம்.ஐ.டி. (அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். 2018-ல் அங்குள்ள தக்‌ஷா மாணவர் குழுவுக்கு ஆலோசகர் யார்? நம்ம 'தல' அஜித்! அவருக்கு ஏரோமாடலிங் என்றால் உயிர்.) இவ்வளவு இருந்தும், பரண் மேல் தூங்கும் பழைய ஸ்பிட்ஃபயர் மாடலை இறக்கி ரிமோட்டில் பறக்கவிட இங்கே ஒரு சாண் வானம் கிடையாது.

"ட்ரோன் வாங்கி விட்டுக்கோ" என்பார்கள். அது வேறு சமாச்சாரம். இன்றைய கேமரா ட்ரோனில் கையை எடுத்தால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். பால்சா மரத்தில் செய்த போர்விமான மாடல் நிற்காது. ஓடத் தொடங்கியதுமே மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரடர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும்போது வேகம் குறைந்தால் ஒரு இறக்கை சட்டென்று சாயும், அவ்வளவுதான், ஆறு மாத உழைப்பு விறகு. பழைய கிறிஸ்டல் ரேடியோ என்றால் இன்னொரு வம்பு. அதே அலைவரிசையில் வேறொருவர் ஸ்விட்சைப் போட்டால் விமானம் யார் பேச்சையும் கேட்காது. அதனால் மைதானத்தில் பேசி வைத்துக்கொண்டு, முறை வைத்துத்தான் பறக்கவிடுவார்கள். ட்ரோன் கற்றுத்தராத பாடம் இது.

சட்டம் இந்த மாடல்களுக்கு அவ்வளவு விரோதி இல்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி 25 கிலோவுக்குக் குறைந்த, கண்பார்வைக்குள் பொழுதுபோக்குக்காகப் பறக்கும் மாடலுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். வானம்தான் பிரச்னை. விமான நிலையச் சுற்றெல்லையில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை பொதுவாக 200 அடி, அதற்கு அப்பால் 400 அடி உயரம் வரை அனுமதி கேட்க வேண்டாம். சிட்லபாக்கமோ இரண்டு ஓடுதளங்களுக்கும் 8 கிலோமீட்டருக்குள்.

"காலையில் ஏரிக்கரையில் அஞ்சு நிமிஷம் விட்டா யாருக்குத் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு: மேலே பறப்பவர்களுக்குத் தெரியும். மற்ற விமானிகளுக்குச் சொல்லித்தரும் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளியே தாம்பரத்தில்தான் இருக்கிறது. அவர்கள் தாழப் பறக்கிற இடத்தில் உலோக எஞ்சின் வைத்த மூன்று கிலோ மாடலை விடுவது வீரம் இல்லை. இங்கே தடை இருப்பது சரிதான்.

ஆனால் தடை போட்டதோடு வேலை முடிந்தது என்பது சரியில்லை. கிரிக்கெட்டுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் இடம் ஒதுக்குகிற அரசு, செங்கல்பட்டுப் பக்கம் 12 கிலோமீட்டர் எல்லை தாண்டி ஒரு பொட்டலை ஞாயிறு காலைகளில் மட்டும் இதற்குத் தரலாம். மேற்பார்வைக்கு எம்.ஐ.டி. இருக்கிறது. தார் ரோடு கூட வேண்டாம், புல்லை வெட்டிக் கொடுத்தால் போதும். அசல் ஸ்பிட்ஃபயர்களே அந்தக் காலத்தில் புல்தரையில் இருந்து கிளம்பியவைதான்!