கன்று எங்கிருந்து வருகிறது?

சென்னையிலும் புறநகரிலும் எழும் அடுக்குமாடி வளாகங்கள், ஐ.டி. பூங்காக்கள், மாநகராட்சிப் பூங்காக்கள் எதன் டெண்டரை எடுத்தாலும் இப்போது ‘நாட்டு மரங்கள்’ என்ற சொல் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சொல்லை நாம்தான் உரிமையாளரிடம் வாதாடிச் சேர்க்க வேண்டியிருந்தது. இன்று அவர்களே கேட்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தலைப்புக்குக் கீழே படித்துப் பாருங்கள்: வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நாவல், மந்தாரை, சரக்கொன்றை, நீர்மருது. எட்டுப் பத்துப் பெயர்களில் பட்டியல் முடிந்துவிடும். வேளச்சேரிக்கும் அதுதான், ஆவடிக்கும் அதுதான், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அதுதான். களிமண்ணா, செம்மண்ணா, கடல்மணலா என்று அந்தப் பட்டியல் கேட்பதேயில்லை. ஏனென்றால் அதை உண்மையில் எழுதுபவர் நர்சரிக்காரர். அவரிடம் இருப்பதை நாம் வரைபடத்தில் ஏற்றுகிறோம், அவ்வளவே.

இந்த மண்ணுக்கு உரிய காடு எது என்பது நம் துறையில் யாருக்கும் தெரியாததல்ல. சோழமண்டலக் கரையோரமாக ஒரு குறுகிய பட்டைபோல ஓடிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட இந்தியக் காட்டு வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம் உண்டு. ஓங்கி உயர்ந்த காடல்ல. மேல்விதானமே பெரும்பாலும் பத்து மீட்டருக்குள் நின்றுவிடும். அதன் செழிப்பெல்லாம் நெருக்கத்தில். வீரை, உலக்கைப் பாலை, இரும்பிலி, காயா என்று தடித்த, பளபளக்கும் இலைகொண்ட மரங்கள். அவற்றின் கீழே காட்டு எலுமிச்சை, பாணல், தரணி, களா. ஊடே ஏறிப் பின்னும் ஆதொண்டை. வெயில் விழும் ஓரங்களில் சங்கஞ்செடி, நிலக்குமிழ், ஈச்சை. கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்கும் இந்தக் கூட்டம் இன்று மிஞ்சியிருப்பது கிண்டி, கோடியக்கரை, ஸ்ரீஹரிக்கோட்டா போன்ற சில காப்பிடங்களிலும், புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற கோயில்காடுகளிலும்தான்.

மேலே சொன்ன பெயர்களில் எத்தனையை நீங்கள் கடைசியாக ஒரு வேலையில் நட்டீர்கள்? நூறு கன்று வீரை வேண்டும் என்று இன்று போன் செய்தால் எத்தனை இடத்தில் கிடைக்கும்?

சென்னை லேண்ட்ஸ்கேப் தொழிலின் பெரும்பகுதிக் கன்றுகள் ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில், கடியம் வட்டார நர்சரிகளிலிருந்து லாரியில் வருகின்றன. அங்குள்ளவர்கள் கைதேர்ந்த தொழில்காரர்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்பதை வளர்க்கிறார்கள். ஃபாக்ஸ்டெயில் பனை, டூரண்டா, மினி இக்சோரா, ஹெலிகோனியா எல்லாம் பதியத்திலும் விதையிலும் வேகமாகப் பெருகும், ஒரே சீராக வளரும், லாரிப் பயணத்தைத் தாங்கும். கோனோகார்ப்பஸ் எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதையும் இந்தக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் கொம்பையும் அரபுக் கடற்கரையையும் சேர்ந்த அந்தச் செடியை ஆடு மாடு கடிக்காது, வறட்சி அசைக்காது, சில மாதங்களில் பச்சைச் சுவர்போல் எழுந்து நிற்கும். ஒப்பந்ததாரருக்கு வேறென்ன வேண்டும்? 2023-இல் குஜராத் அரசு அதை நடத் தடை விதிக்கும்வரை அதைப் பற்றி நம் துறைக்குள் முணுமுணுப்புகூடப் பெரிதாக எழவில்லை.

வீரையும் பாலையும் இந்தக் கணக்குக்கு அடங்காதவை. மெதுவாக வளர்பவை. நடும் உயரத்துக்கு வர நாற்றங்காலில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். அதுவரை நீர், நிழல்வலை, ஆள்கூலி எல்லாம் நர்சரிக்காரரின் கைக்காசு. வாங்க ஆள் வருவாரா என்ற உறுதி கிடையாது. போதாக்குறைக்கு நம் டெண்டர்கள் கன்றை உயரத்தால் அளக்கின்றன. ‘குறைந்தது ஆறடி’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், மெதுவாக வளரும் இனங்கள் அந்த ஒரு வரியிலேயே வெளியேறிவிடுகின்றன. ஆறடிக் கன்று என்பது பல நேரங்களில் சிறிய பையில் நாட்பட இருந்து, வேர் சுருண்டு, மேலே மட்டும் நீண்ட கன்று. நட்ட ஆண்டு கண்ணுக்கு நிறைவாக இருக்கும். மண்ணுக்குள் அந்தச் சுருள் வேர் அப்படியே இருக்கும். நேரான வேரோடு நடப்பட்ட ஒன்றரை அடிக் கன்று சில ஆண்டுகளில் அதை எட்டிப் பிடித்துவிடும் என்பது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். டெண்டர் எழுதுபவருக்கும் தெரியும். ஆனால் திறப்பு விழாப் புகைப்படத்தில் ஒன்றரை அடி தெரியாதே!

விதையின் கதை இன்னும் சிக்கலானது. நாவல், வேம்பு போன்றவற்றின் விதைகள் வாரக்கணக்கில்தான் உயிரோடிருக்கும். பழுத்த பருவத்தில் பொறுக்கி உடனே விதைக்காவிட்டால் ஓர் ஆண்டு போயிற்று. வேலமர வகைகளின் விதைகளோ தடித்த தோலுடன் ஆண்டுக்கணக்கில் தூங்கும். வெந்நீர் ஊற்றி எழுப்ப வேண்டும். புன்னைக்கு ஓட்டை உடைக்காவிட்டால் மாதங்கள் ஆகும். பாலைப்பழம் கோடையில் பழுக்கும்போது பறவையும் குரங்கும் பிள்ளைகளும் முந்திக்கொள்வார்கள். எந்தத் தாய்மரம் எந்த வாரம் பழுக்கிறது என்று அறிந்த ஆள் வேண்டும். கோயில்காட்டில் எடுப்பதானால் ஊராரிடம் கேட்டு எடுக்க வேண்டும், ஒரே மரத்தில் எல்லாவற்றையும் வழித்துவிடாமல் பல மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஒற்றைத் தாய்மரத்தின் பிள்ளைகளை ஒரு வளாகம் முழுக்க நட்டால் அதைத் தோப்பு என்று சொல்லலாம், காடு என்று சொல்ல முடியாது.

இதெல்லாம் நடக்காத காரியமும் அல்ல. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழைநீர் அரித்துப் பிளந்த செம்மண் பொட்டல். அங்கே பிச்சாண்டிக்குளம் போன்ற இடங்களில் சுற்றுவட்டக் கோயில்காடுகளின் விதையைக் கொண்டு உலர் பசுமைமாறாக் காட்டை மீட்டார்கள். அந்த அனுபவம்தான் பின்னர் சென்னைக்கு வந்தது. கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக்கிடந்த அடையாறு முகத்துவாரத்தின் 58 ஏக்கரில் உருவாகி 2011-இல் திறக்கப்பட்ட அடையாறு பூங்காவை நகரின் நடுவே போய்ப் பார்க்கலாம். சதுப்புக்கு அலையாத்தி, மேட்டுக்கு உலர்காட்டு இனங்கள் என்று ஒரே வளாகத்துக்குள் இடத்துக்கு இடம் பட்டியல் மாறுகிறது. நமக்கு அங்கே உள்ள பாடம் நடவு முறையைவிட, நடவுக்கு முன்னால் கன்று தயாரிப்புக்கு ஒதுக்கிய காலம்.

இங்கே மியாவாக்கி பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 2020 முதல் சென்னை மாநகராட்சி தொடங்கி பெருநிறுவனங்கள்வரை எல்லோரும் ‘அடர்வனம்’ வைக்கிறார்கள். அகிரா மியாவாக்கி, ஜப்பானின் கோயில்களைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட சோலைகளை ஆராய்ந்து, அந்தந்த மண்ணின் இயல்பான காடு எது என்று முதலில் கண்டறிந்தவர். அங்கிருந்து விதை எடுத்துக் கன்று வளர்த்து, அதன் பிறகுதான் நெருக்கி நட்டார். நாம் எடுத்துக்கொண்டது கடைசிப் படியை, அதாவது சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்ற இடைவெளிக் கணக்கை மட்டும். அதே எட்டுப் பத்துப் பெயர்களை நெருக்கி நடுகிறோம். வேகமாக வளரும் புங்கனும் நீர்மருதும் மற்றதை அமுக்கிவிட, கீழே செடி அடுக்கு இல்லாமல் கம்பு கம்பாக நிற்கிறது. மூன்றாம் ஆண்டில் உள்ளே நுழைந்து பார்த்தால் தெரியும். கோயில்காடு என்று நம்மிடமே ஒரு பாடநூல் இருக்கும்போது அதைத் திறக்காமலே அடர்வனம் வளர்க்கிறோம் என்பது இவ்விதழின் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

மரத்தின் மீதே கண் இருப்பதும் ஒரு கோளாறு. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் மரம் நட்டு ‘பசுமையாக்க’ வேண்டியதில்லை. அங்கே கோரையும் நாணலும் திறந்த நீரும் இருப்பதே அதன் இயல்பு. கடற்கரை மணலுக்கு அடும்பும் ராவணன் மீசையும் போதும். வீட்டுத் தோட்டத்திலும் மொட்டைமாடியிலும் மரத்துக்கு இடமே இல்லை, ஆனால் ஒரு கொடிக்கு இடமுண்டு. ஆடுதின்னாப்பாளை இல்லாத தெருவில் ரோஜா அழகி முட்டையிடாது. எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். கறிவேப்பிலைக் கன்று ஒன்றே கறிவேப்பிலை அழகிக்குப் போதும். பூவில் தேன் குடிக்க எந்த ஊர்ச் செடியும் உதவும். புழு தின்பதற்குத்தான் குறிப்பிட்ட செடி வேண்டும். பராமரிப்பாளர் எருக்கைக் களை என்று பிடுங்குகிறார், புழு கடித்த இலையைக் கண்டால் மருந்தடிக்கிறார். ஒப்படைக்கும் நாளில் அவரோடு அரை மணி நேரம் தோட்டத்தைச் சுற்றி வருவதை நாம் வேலையின் பகுதியாகவே கருதுவதில்லை.

வெளியூர்ச் செடி எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொல்கிறோமா? இல்லை. புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். அதன் நிழலில் நின்று தூய்மைவாதம் பேசுவது வேடிக்கை. தென்னமெரிக்காவின் தூங்குமூஞ்சி மரம் இன்று பல தெருக்களில் கொக்குக்கும் காக்கைக்கும் கூடு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் குல்மொகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் சாய்ந்ததை வைத்து ‘நாட்டு மரம் விழாது’ என்று சிலர் விளம்பரமே செய்தார்கள். கால்வாய் தோண்டி ஒருபக்க வேரை வெட்டிய இடத்தில் நாட்டு மரமும் விழும். நிற்பவற்றை நிற்கவிட்டு, அவை விழும்போதோ பட்டுப்போகும்போதோ அந்த இடத்தில் எது வர வேண்டும் என்று இன்றே முடிவு செய்தால் போதும். சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, கூபாபுல், தரைமூடியாக நாமே கொண்டுவந்து விட்ட வெடேலியா ஆகியவை மட்டும் வேறு கணக்கு. அவை தாமாகவே பரவி மற்றதை அழுத்துபவை.

‘பராமரிப்பே தேவையில்லை’ என்று விற்பதையும் நிறுத்த வேண்டும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும், களையெடுப்பு வேண்டும். அதோடு காலமும் பார்த்து நட வேண்டும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. நாமோ ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று, அக்னி நட்சத்திரத்தின் சூடு ஆறுமுன், அமைச்சரையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துக் குழியில் கன்றை வைக்கிறோம். கேரளத்துக்கு அந்தத் தேதி பொருந்தும். இங்கே அன்று விதை பொறுக்கும் விழா வைக்கலாம். வேப்பம்பழமும் நாவலும் உதிரத் தொடங்கும் காலம் அது. நடவைப் புரட்டாசி கடைசிக்கும் ஐப்பசிக்கும் தள்ளுங்கள்.

குடியிருப்போர் சங்கங்களில் வரும் முதல் கேள்வி பாம்பு. அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. நடைபாதையை ஒட்டி ஓரடிக்கு மேல் வளராத செடி, புதர் அடுக்கு உள்ளே தள்ளி, இலைச்சருகு புதரின் அடியில் மட்டும் மூடாக்காக, விளையாட்டிடத்தைச் சுற்றித் திறந்த தரை என்று வரைபடத்திலேயே காட்டிவிட்டால் பெரும்பாலும் எதிர்ப்பு அடங்கும். சருகு முழுவதையும் தினம் கூட்டி எரிக்கும் வளாகத்தில் எந்த நாட்டுச் செடியும் தானாக விதைத்துக்கொள்ளாது.

கன்றுக்கே திரும்புவோம். ஓர் அடுக்குமாடி வளாகம் எழும்ப மூன்று ஆண்டு ஆகிறது. வீரைக் கன்றுக்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம்தான் வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போதே கன்றுக்கு ஆர்டரும் முன்பணமும் கொடுத்தால், சாவி கொடுக்கும் மாதத்தில் கன்று தயார். நாம் கேட்பது கடைசி மாதத்தில். அதனால் லாரியில் வருவதை வாங்குகிறோம். ஒப்பந்தத்தில் உயரத்துக்குப் பதிலாக வயது, வேரின் நிலை, விதை எடுத்த இடம் ஆகிய மூன்றையும் எழுதலாம். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காடும் மரமுமான பரப்பை 33 சதவீதமாக்கக் கன்று கேட்கிறது. தனியாரும் அரசும் ஒரே நாற்றங்கால்களை நாடும் இந்த வேளையில் முன்கூட்டிய ஆர்டருக்கு நர்சரிகள் செவிகொடுக்கும். திட்டம் பாதியில் நின்றால் முன்பணம் யாருக்கு என்ற கேள்வியை ஒப்பந்ததாரர்கள் எழுப்புகிறார்கள், நியாயமான கேள்வி. நான்கைந்து நிறுவனங்கள் சேர்ந்து ஒரே நாற்றங்காலுக்கு ஆர்டர் கொடுத்தால், ஒருவர் விட்ட கன்றை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். அப்படி ஓர் ஏற்பாட்டுக்கு முன்வரும் வாசகர்கள் தங்கள் தேவையை இனவாரியாக, எண்ணிக்கையோடு, தை மாதத்துக்குள் எழுதி அனுப்பினால், கோடையில் பாலைப்பழம் பழுப்பதற்குள் நர்சரிகளோடு பேச்சைத் தொடங்கிவிடலாம்.