கரண்ட் கிடாரும் கரண்ட் அக்கவுண்ட்டும்

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே கரண்ட், பாங்க்கில் இருக்கும் கரண்ட் அக்கவுண்ட். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் கிடார் செய்ய முடியுமா? முடியும் ஸார். தாராபுரத்தில் செய்தோம்.

செய்தோம் என்றால், என் சித்தப்பா பையன் செய்தான். நான் பக்கத்தில் நின்று கருத்துச் சொன்னேன். பையனுக்குப் பகலில் மில்லில் வேலை. ராத்திரியில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் இரவல் கிடார். கிடார்க்காரர் வராத நாளில்தான் இவனுக்கு மேடை. மற்ற நாளில் ஸ்பீக்கர் பெட்டி தூக்க வேண்டும். 'சொந்தமா ஒண்ணு கொண்டாந்தீன்னா மாரியம்மன் நோம்பிக்கு நீதான்' என்று சொல்லிவிட்டார்கள். கடையில் கேட்டால் நல்ல கிடார் விலை ஐந்து இலக்கத்தில் ஆரம்பிக்கிறது.

"நாமளே செஞ்சுக்கலாமுங்ண்ணா" என்றான்.

சித்தப்பா சிரித்தார். "கட்டல் செய்யலாம், கதவு செய்யலாம். கிடாரெல்லாம் ஊட்டுல செய்யறதா கண்ணு?"

நான் லண்டனிலிருந்து ஓர் அப்பாவை சாட்சிக்கு அழைத்தேன். 1963-ல் பிரையன் மே என்ற பதினாறு வயசுப் பையனுக்கும் இதே பிரச்னை. கம்பெனி கிடார் வாங்க வசதி இல்லை. அப்பாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியும். இருவரும் சேர்ந்து, கணப்பு அடுப்புக்கு மேலே இருந்த பழைய மரச் சட்டத்தில் கழுத்து செதுக்கினார்கள். பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த பித்தான், ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் முனை, எல்லாம் அந்தக் கிடாருக்குள் போயின. முடிக்க சுமார் இரண்டு வருஷம். அதைத்தான் 'க்வீன்' குழுவில் உலகம் பூரா வாசித்தார். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரை மேல் நின்றும் அதையே வாசித்தார். 2007-ல் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

சித்தப்பாவை அசைத்தது அந்த டாக்டர் பட்டம்தான்.

லண்டன் தூரம் என்றால் நம் மாண்டலின் ஸ்ரீனிவாஸின் உதாரணம் இருக்கிறது. மாண்டலினுக்கு எட்டுத் தந்தி, ஜோடி ஜோடியாக. ஜோடித் தந்தியை அசைத்து கமகம் கொண்டுவருவது பெரும்பாடு; ஒலியும் நீண்டு நிற்காது. அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். வாத்தியம் நம் சொன்னபடி கேட்காவிட்டால் வாத்தியத்தையே மாற்றலாம், தப்பில்லை.

மரத்துக்குச் சித்தப்பா வீட்டுப் பழைய தேக்கு நிலை அகப்பட்டது. மர ஆசாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நடுவுல ஓட்டை எங்கீங்?" என்றார். இதற்கு ஓட்டை கிடையாது. ஒலியைப் பெருக்குவது மரப்பெட்டி இல்லை, மின்சாரம். மரம் கெட்டியாக நின்றால் போதும். ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுப்பு, சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம்தான் கம்மி. கழுத்து வளையாமலிருக்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி.

அடுத்தது கழுத்தில் அடிக்கும் ஃப்ரெட் கம்பிகள். இடம் அரை மில்லிமீட்டர் தப்பினாலும் சுருதி நம்மை மன்னிக்காது. தந்தி நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் அதில் 5.61 சதவீதம், அதாவது 36.4 தள்ளி முதல் கம்பி. மிச்சம் இருக்கிற நீளத்தில் மறுபடி 5.61 சதவீதம் தள்ளி இரண்டாவது. இப்படியே...

மிச்சத்தில் சதவீதம் கழிப்பதா? ஸார், இது தேய்மானம்! குறைந்துசெல் மதிப்பு முறை! பன்னிரண்டாவது 'வருஷம்' சொத்தின் மதிப்பு பாதி, 324. அங்கேதான் மேல் ஸ்தாயி ஸட்ஜம். கால்குலேட்டரும் லெட்ஜருமாக உட்கார்ந்து இருபத்தோரு 'வருஷத்துக்கும்' கணக்கு எழுதிக் கொடுத்தேன். காலேஜில் லாரிக்கும் மெஷினுக்கும் போட்ட தேய்மானம், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாட்டுப் பாடியது.

இனி பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஒரு காயில், மேலே இரும்புத் தந்தி. தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைந்து காயிலில் துளி மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831-ல் சொன்னதுதான். எங்கள் பக்கம் கிணறு இருக்கும் வரை மோட்டார் எரியும். மோட்டார் எரியும் வரை காயில் கட்டும் கடை இருக்கும். அப்படி ஒரு கடை அண்ணனிடம் போனோம்.

"நாப்பத்திரண்டாம் நம்பர் கம்பி, ஏழாயிரத்து அறுநூறு சுத்துங்ண்ணா."

அவர் புத்தகத்தைப் பார்த்தார். "இது அமெரிக்கா நம்பருங் தம்பி. நம்ம நாப்பத்திரண்டு இதவிடத் தடி. உங்களுக்கு வேணுங்கறது நாப்பத்தியாறு." 0.06 மில்லிமீட்டர். தலைமுடி மாதிரி. மூச்சு விட்டால் அறுந்துவிடுமோ என்று நான் கடைக்கு வெளியே நின்றேன். இரண்டு தடவை அறுந்து மூன்றாம் தடவை முடித்தார்.

வயரிங் சுலபம். 250 கே-யில் ஒரு வால்யூம், ஒரு டோன். டோனில் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிடர். அது கீச்சுக் குரலை மட்டும் பிரித்து எர்த்துக்கு வழியனுப்பும். ஒரு ஜாக். கடைசியாக, தந்திகள் உட்காரும் இரும்பிலிருந்து எர்த்துக்கு ஒரு ஒயர். அது இருந்தால் தந்தியில் கை வைத்ததும் 'ஙொய்' இரைச்சல் அடங்கும்.

அந்த ஒயரைப் பற்ற வைக்கும்போது அண்ணன் நிறுத்தினார். "அப்ப பையனோட ஒடம்பு ஆம்ப்ளிஃபயர் பாடியோட சேந்துருதுங்ளே? அதுல லீக்கேஜ் இருந்து, எர்த்தும் இல்லீன்னா?"

சிரிக்கிற விஷயமில்லை. ஸ்காட்லாந்து கிடார்க்காரர் லெஸ்லி ஹார்வி, 1972 மே மாதம் ஸ்வான்ஸீ ஊர் மேடையில் ஒரு கையில் கிடார், மறு கையால் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். அங்கேயே போய்விட்டார். வயது 27. வீட்டில் செய்த கிடார் அவரைக் கொல்லவில்லை. மேடையில் இல்லாத ஒரு ஒயர் கொன்றது. நம் ஊர் மேடைகளில் மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்து ரெண்டு ஓட்டையில் சொருகும் கலை இன்னும் உயிரோடிருக்கிறது. அந்தப் பெரிய பின்தான் எர்த் ஸார். அதோடு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போர்டில் இருந்தால் மேடையில் நிற்கிறவன் முழுசாக வீடு திரும்புவான்.

நோம்பி அன்று அண்ணன் மேடைக்கே வந்துவிட்டார், பாக்கெட்டில் டெஸ்டரோடு. ஆம்ப்ளிஃபயர் பாடியில் வைத்தார். மினுக்கென்று எரிந்தது. மைக் செட்காரருக்குக் கோபம்.

"பாட்டுக் கேக்க வந்தீங்களா, லைன் பாக்க வந்தீங்களா?"

"பாட்டுத்தானுங். பாடறவன் இருந்தாத்தானுங்க கேக்கறது?"

பிளக்கை மாற்றி, கோயில் போர் மோட்டாரின் எர்த் குழியிலிருந்து பச்சை ஒயர் இழுத்து, மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே எர்த் கொடுத்து, மறுபடி டெஸ்டர் வைத்தார். எரியவில்லை. அப்புறம்தான் பையனை மேடை ஏற விட்டார்.

முதல் பாட்டின் நடுவே கிடார் தனியாக வரும் இடம். தேக்கு நிலை கணீரென்று பேசியது. முன் வரிசையில் சித்தப்பா பக்கத்துச் சேர்க்காரரின் தோளைத் தட்டினார்.

"நம்மூட்டு நெலவுங்க அது."