ஏடு எரிந்தால் வம்சம் மறையுமா?



உங்கள் பாட்டனாரின் பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். பாட்டனாரின் தந்தை பெயரையும் ஒருவாறு நினைவுகூர்ந்து சொல்வீர்கள். அவருடைய மனைவி எந்த ஊர்க்காரர், அவருடன் பிறந்தோர் எத்தனை பேர், அவர்களுள் கடல் கடந்து சென்று திரும்பாதவர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு நாத் தடுமாறும். மூன்று தலைமுறைக்குள் ஒரு குடும்பத்தின் பாதி வரலாறு கைநழுவிப் போய்விடுகிறது.

மேலை நாடுகளில் இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடுவோர் முதலில் நாடுவது பழைய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளையே. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு வீட்டில் யார் யார் இருந்தனர், அவர்களின் வயது என்ன, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, என்ன தொழில், எங்கே பிறந்தவர் என்னும் செய்திகள் யாவும் அதில் வீடு வாரியாக இருக்கும். அந்த ஏடுகளே இல்லாமற் போனால் என் செய்வது? இக்கேள்விக்கு அனுபவத்தால் விடை கண்ட நாடு அயர்லாந்து.

நெருப்பு பாதி, அலட்சியம் பாதி

அயர்லாந்தில் 1821 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு கணக்கெடுப்புகளின் மூல ஏடுகள் டப்ளின் நகரில், ஃபோர் கோர்ட்ஸ் எனப்படும் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தன. 1922இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு தரப்பினர் அவ்வளாகத்தைக் கைப்பற்றி அரணாக்கிக் கொண்டனர். மறு தரப்பினர் பீரங்கியால் தாக்கினர். ஜூன் 30 அன்று பெரும் வெடிப்பும் நெருப்பும் எழுந்தன. பல நூற்றாண்டு ஆவணங்கள் சாம்பலாயின. எரிந்த காகிதத் துண்டுகள் நகரின் தெருக்களில் பறந்து வந்து விழுந்தன. அந்த நான்கு கணக்கெடுப்புகளில் சிற்சில ஊர்களுக்குரிய ஏடுகளே எஞ்சின.

எல்லாப் பழியையும் நெருப்பின் மேல் போட்டுவிட முடியாது. 1861, 1871 ஆகிய இரு கணக்கெடுப்புகளின் மூலப் படிவங்கள், புள்ளிவிவரம் தொகுக்கப்பட்ட பின்னர் அரசின் ஆணைப்படியே அழிக்கப்பட்டன. 1881, 1891 ஆண்டுகளின் படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக அரைக்கப்பட்டன. 1921இல் விடுதலைப் போரின் காரணமாகக் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. ஆக, முழுமையாக நின்ற பழைய ஏடுகள் 1901க்கும் 1911க்கும் உரியவை மட்டுமே.

இழப்பின் கனத்தை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 1841இல் அயர்லாந்தின் மக்கள் தொகை 81,75,124. 1851இல் அது 65,52,385. இடையில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் ஏறத்தாழ பத்து லட்சம் பேரைக் கொன்றது; அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுக் கப்பலேறினர். இந்த எண்ணிக்கைகள் அச்சிட்ட அறிக்கைகளில் இருந்ததால் பிழைத்தன. அந்த எண்களுக்குள் இருந்த மனிதர்களின் பெயர்களோ எரிந்து போயின. பஞ்சத்தில் மாண்ட ஏழைகளுள் பலருக்கு 1841ஆம் ஆண்டு ஏட்டின் ஒரு வரியைத் தவிர, உலகில் வாழ்ந்ததற்கு வேறு எழுத்துச் சான்று இருந்திருக்காது.

முதியோரின் மனுக்கள் காத்த பெயர்கள்

அழிந்த ஏடுகளிலிருந்து ஒரு பகுதி வியப்பான வழியில் மீண்டது. 1908இல் முதியோர் உதவித்தொகைச் சட்டம் நிறைவேறி, 1909 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரத்துக்கு 5 ஷில்லிங் வரை கிடைக்கும். ஆனால் வயதை எப்படி மெய்ப்பிப்பது? அந்நாட்டில் எல்லாரையும் தழுவிய பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கிற்று. 1909இல் எழுபது வயதாகியிருந்தவர் 1839இலோ அதற்கு முன்போ பிறந்தவர். சான்றிதழுக்கு எங்கே போவார்?

ஆகவே, முதியோர் தம் பெற்றோரின் பெயரையும் சிறுவயதில் வாழ்ந்த ஊரையும் எழுதி விண்ணப்பித்தனர். காப்பக அலுவலர்கள் 1841, 1851 ஏடுகளைப் புரட்டி, அக்குடும்பம் காணப்பட்டதா, அப்போது பிள்ளையின் வயது என்ன என்று படிவத்தில் குறித்தனர். காணப்படாவிடில் அதையும் குறித்தனர். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மூல ஏடுகள் எரிந்தன. இந்தத் தேடுதல் படிவங்கள் ஆயிரக்கணக்கில் தப்பின. வாரம் ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு மூதாட்டி கொடுத்த மனு, இன்று அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் பெயர்களை அவருடைய வம்சத்தாருக்கு எடுத்துச் சொல்கிறது.

ஏட்டில் பெயர் அகப்படாதோரிடம் நினைவே சாட்சியாயிற்று. 1839 ஜனவரி 6ஆம் நாள் இரவு அயர்லாந்தைப் பெரும் புயல் தாக்கியது. அந்தப் ‘பெருங்காற்று இரவு’ தமக்கு நினைவிருக்கிறது என்று முதியோர் கூறினர். அதை வயதுக்குச் சான்றாகக் கொண்ட குழுக்களும் உண்டு.

இது நமக்கு அயலான செய்தியன்று. தாது வருஷப் பஞ்சம், எம்டன் கப்பல் சென்னையில் குண்டு வீசிய நாள், தனுஷ்கோடிப் புயல் என்றுதானே நம் முதியோரும் காலம் கணித்தனர்! பஞ்சம் 1876இல் தொடங்கியது. எம்டன் வந்தது 1914 செப்டம்பர் 22. புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. “புயலடித்தபோது உன் வாப்பா தவழ்கிற பிள்ளை” என்று வீட்டுப் பெரியம்மா கூறினால் அதை வெறும் பேச்சென்று தள்ளிவிடாதீர்கள். பிறந்த ஆண்டு 1964 என்றோ அதன் முந்தைய ஆண்டின் இறுதி என்றோ அதிலிருந்து கணக்கிட்டுக் கொள்ளலாம்.

வேறு நோக்கத்தில் எழுதியவை

அயர்லாந்து மக்கள் கற்ற பெரிய பாடம், குடும்ப வரலாற்றுக்கென எழுதப்படாத ஏடுகளிலும் குடும்ப வரலாறு உண்டு என்பதே. 1823 முதல் 1837 வரை திருச்சபை வரிக்காக நிலத்தை அனுபவித்தோர் பட்டியல்கள் எழுதப்பட்டன. 1847 முதல் 1864 வரை கிரிஃபித் என்பவரின் மேற்பார்வையில் நாடு முழுவதும் நிலம், வீடு ஆகியவற்றின் மதிப்பு கணிக்கப்பட்டு அச்சிடப்பட்டது. அம்மதிப்பீடு பின்னரும் அவ்வப்போது திருத்தப்பட்டு வந்தது. ஒரு நிலத்துக்கு எதிரே இருந்த பெயர் அடிக்கப்பட்டு மற்றொரு பெயர் எழுதப்பட்டிருந்தால், அந்த ஆண்டையொட்டித் தந்தை இறந்து மகனுக்கோ, கணவர் இறந்து மனைவிக்கோ நிலம் சென்றிருக்கலாம் என்று ஊகித்து, இறப்புப் பதிவைத் தேடுகின்றனர்.

கத்தோலிக்க ஆலயங்களின் பதிவேடுகள் டப்ளினுக்கு அனுப்பப்படாமல் அந்தந்த ஊரிலேயே இருந்தமையால் நெருப்புக்குத் தப்பின. அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளுள் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டவை எரிந்தன. உள்ளூரில் வைத்துக்கொள்ள அனுமதி பெற்றவையும், அனுப்புமுன் படியெடுக்கப்பட்டவையும் பிழைத்தன. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பூட்டுவது பாதுகாப்பு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இத்தகைய ஏடுகளைப் படிப்போர் இரண்டு கேள்விகளை மறவாதிருக்க வேண்டும். இது எதற்காக எழுதப்பட்டது? இதில் விடுபட்டவர் யார்? வரிப் பட்டியலில் நிலமற்ற கூலி இரான். மதிப்பீட்டு ஏட்டில் வீட்டை வைத்திருந்தவரின் பெயர் இருக்கும். அவருடைய மனைவி மக்கள் பெயர் இரா. ஆகவே, பெயர் காணவில்லை என்பதனால் அவர் அவ்வூரில் வாழவில்லை என்று தீர்மானித்துவிடக் கூடாது. இருக்கும் ஏடும் எப்போதும் மெய் பேசுவதில்லை. 1901ஆம் ஆண்டுக் கணக்கில் 55 வயது என்று எழுதியவர், 1911இல் 70 என்று எழுதியிருப்பதைப் பல குடும்பங்களில் காணலாம். இடையில் வந்த உதவித்தொகைச் சட்டத்தை அறிந்தவருக்கு இந்தப் பதினைந்து ஆண்டுக் கணக்கு விளங்கும்.

ஒரே பெயர் பலருக்கு இருப்பதும் பெருந்தொல்லை. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரை இடும் வழக்கம் அங்கும் பரவலாக இருந்தது. ஓர் ஊரில் ஒரே பெயரில் நால்வர் இருந்தால், மதிப்பீட்டாளர்கள் தந்தை பெயரையோ பட்டப்பெயரையோ சேர்த்து எழுதிப் பிரித்தனர். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் நம் குடும்பங்களிலும் வீட்டுப் பெயரும் பட்டப்பெயரும் அந்தப் பணியையே செய்கின்றன. கேலிப்பெயர் என்று கருதி அவற்றை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். நாளை அதுவே அடையாளமாகும்.

நம் வீட்டு நிலை

நம் நாட்டில் 1872இலும், நாடு முழுவதும் ஒரே காலத்தில் எடுக்கப்பட்டதாக 1881இலும் கணக்கெடுப்புகள் நடைபெற்றன. அவற்றின் அறிக்கைகள் நூலகங்களில் உள்ளன. அவை ஊர்த்தொகை, சமயத்தொகை, தொழில்தொகை சொல்லும். உங்கள் பாட்டனார் பெயரைச் சொல்லா. வீடு வாரியாக எழுதப்படும் படிவங்களைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை என்று 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. அவை பொதுவாக வழக்குமன்றச் சான்றாகவும் ஏற்கப்படா. தனிமனிதரின் மறைவைக் காக்க இயற்றப்பட்ட விதி அது. ஆனால் வம்சம் தேடுவோருக்கு அந்தக் கதவு மூடியதே. அயர்லாந்து மக்கள் ஒரு தீயினால் எந்த நிலைக்கு வந்தனரோ, நாம் தொடக்கத்திலிருந்தே அந்த நிலையில் இருக்கிறோம்.

ஆயினும் நமக்கும் மாற்று ஏடுகள் உண்டு. பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டில் மணமக்களும் தந்தையரும் மட்டுமா இருக்கின்றனர்? வலீயும் சாட்சிகளும் இருக்கின்றனர். சாட்சியாக நின்றவர் பெரும்பாலும் தாய்மாமனோ சிறிய தந்தையோ நெருங்கிய உறவினரோதாம். பெயர் பொறித்த மீசான் கற்கள் இறந்த நாளைச் சொல்லும். அது ஹிஜ்ரி ஆண்டாக இருந்தால், பொது ஆண்டுக்கு மாற்றும்போது ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் வாங்கியவர், விற்றவர் ஆகியோரின் தந்தை பெயரோ கணவர் பெயரோ இருப்பதுடன், அச்சொத்து எவ்வழி வந்தது என்னும் வரலாறும் பல வேளைகளில் இருக்கும்.

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதனைப் பொன்னெனப் போற்றுங்கள். வாரிசுரிமையில் பெண்மக்களுக்கும் பங்குண்டாதலால், வேறெங்கும் எழுதப்படாத சகோதரிகளின் பெயர்கள் அதில் இடம்பெற வாய்ப்புண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்து வருவதால், வீட்டுப் பத்திரங்களே தாய்வழி வம்சத்தைக் காட்டுவதும் உண்டு.

பர்மா, மலாயா, இலங்கை சென்றவர்களின் கடவுச்சீட்டுகள், பணம் அனுப்பிய சீட்டுகள், கடைப் பேரேடுகள், அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள் ஆகியவை பழைய பெட்டிகளில் கிடக்கலாம். படிக்கத் தெரியவில்லை என்பதற்காக அரபுத்தமிழ்க் காகிதத்தைக் கழித்துவிட வேண்டாம். படிக்கத் தெரிந்த முதியவர் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றார்.

இம்மாதமே செய்யத்தக்கவை

1. வீட்டின் மூத்தவரிடம் அமர்ந்து, அவருடைய பெற்றோர், பாட்டன் பாட்டியர், அவர்களின் உடன்பிறந்தோர் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பெண்களின் பிறந்த ஊரையும் தந்தை பெயரையும் கட்டாயம் கேளுங்கள். சிறுவயதில் இறந்த பிள்ளைகளையும் விடாதீர்கள்.

2. ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, யார் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்று குறியுங்கள். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்; ஒன்றை அடிக்காதீர்கள்.

3. வீட்டிலுள்ள பழைய காகிதங்களுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். டப்ளின் காப்பகத்தின் அலுவலர் ஹெர்பர்ட் உட் 1919இல் அங்கிருந்த ஆவணங்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டிருந்தார். மூன்று ஆண்டுகளில் காப்பகம் எரிந்தது. எவையெவை இழக்கப்பட்டன என்பதை அக்கையேடே உணர்த்திற்று. வேறிடங்களில் இருந்த படிகளைக் கொண்டு அக்காப்பகத்தை மின்வடிவில் மீட்டமைக்கும் திட்டம் 2022இல், தீயின் நூற்றாண்டில், மக்களுக்குத் திறக்கப்பட்டபோதும் அது வழிகாட்டியாயிற்று.

4. பத்திரங்களையும் கடிதங்களையும் படமெடுத்து, வெவ்வேறு ஊர்களில் வாழும் உறவினர் இருவரிடமேனும் ஒரு படி கொடுத்து வையுங்கள். வெள்ளமோ கரையானோ ஒரு வீட்டுக்குத்தான் வரும்; மூன்று வீட்டுக்கும் ஒருசேர வருவது அரிது.

5. உங்கள் மஹல்லாவின் பழைய நிக்காஹ் பதிவேடுகள் எந்நிலையில் உள்ளன என்று ஜமாஅத் நிர்வாகத்தாரிடம் பணிவுடன் விசாரியுங்கள். அட்டை பிய்ந்து கிடந்தால் அவற்றைப் படியெடுத்துக் காக்க உதவுங்கள். அது உங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டுமன்றி ஊருக்கே செய்யும் தொண்டாகும்.

எரிந்த ஏட்டை எவராலும் மீட்க முடியாது. ஆனால் நம் வீடுகளில் இன்னும் எரியாத ஏடுகள் இருக்கின்றன. அவற்றுள் மிக அரியவை முதியோரின் நெஞ்சங்களே. அவற்றுக்குப் படி எடுக்கும் அவகாசம் நீண்டதன்று. இவ்வார விடுமுறையில் ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு உங்கள் பாட்டியாரின் அருகில் அமருங்கள். முதற்பக்கத்தில் அவருடைய தாயாரின் பெயரை எழுதித் தொடங்குங்கள்.