பட்ட மரத்தாணி

‘ஆணி பிடுங்குகிறான்’ என்றால் தமிழ்நாட்டில் சிரிப்பு. வெட்டி வேலை பார்க்கிறான் என்று அர்த்தம். 2001-ல் ‘பிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு காண்ட்ராக்டர் நேசமணியாக வந்து போனதிலிருந்து, குளிரூட்டிய அறையில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன்கூட ‘இன்னைக்கு ஆணி அதிகம்’ என்று சலித்துக்கொள்கிறான். எனக்கும் அந்தக் காட்சியைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் எங்க வீட்டில் அதைப் போடும்போது சின்னம்மா சிரிக்காது. ஏனென்றால் அது நிஜமாகவே ஆணி பிடுங்குகிற பொம்பளை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரைக்கும் பழைய பலகையிலிருந்து ஆணி. மறுநாளும் ஆணி.

கீழ்புத்துப்பட்டு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அய்யனார் கோயில் தெரியும், அதை ஒட்டிய காடு தெரியும். பத்திரிகை படிக்கிறவர்களுக்கு ஈழத்திலிருந்து வந்தவர்கள் இருக்கும் முகாம் தெரியும். மரக்காணத்து உப்பளங்களுக்கு வேலைக்குப் போகும் எங்கள் சேரி யாருக்கும் தெரியாது. மழை தொடங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை இல்லை. அய்ப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதம் எதையாவது செய்துதான் கஞ்சி குடிக்க வேண்டும். அப்படித்தான் சின்னம்மா ஆணிக் கொட்டகைக்குப் போனது. அப்புறம் முட்டி தேய்ந்து உப்பு வார முடியாமல் போனபோது வருசம் முழுக்க அங்கேயே என்று ஆகிவிட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி வரை போனால் பழைய மரச் சாமான் கடைகளைப் பார்க்கலாம். செட்டிநாட்டு வீட்டுத் தூண், நிலை, உத்திரம், சன்னல். இடிக்கிற வீடுகளிலிருந்து லாரியில் ஏறி வருகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்றது போக மிச்சம் இங்கே வந்து மேசையாகவும் கட்டிலாகவும் மாறி கப்பலேறுகிறது. அது பர்மாத் தேக்கு. அந்தப் பர்மாவுக்குக் கூலிகளாக நம் சனங்களும் போனார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது கால்நடையாகவே திரும்பினவர்களில் வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். மரம் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்து வீடானது. அந்த வீட்டின் நிலைக்கு உள்பக்கம் நம்மவர் யாரும் கால் வைத்ததில்லை. இன்றைக்குக் கசலட்சுமி செதுக்கிய அதே நிலையை எங்க சின்னம்மா மடியில் கிடத்தி ஆணி பிடுங்குகிறது. தீட்டு எங்கே போனது என்று கேட்டால், இடித்த வீட்டுக்குத் தீட்டு இல்லையாம். மேஸ்திரி சொன்னார். சாஸ்திரம் இவ்வளவு வசதியாக இருக்கிறது!

தமிழ் எம்.ஏ. வகுப்பில் பசுமரத்தாணி என்ற உவமையை நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இளம் மரத்தில் ஆணி சுலபமாக இறங்கும், அதுபோல இளமையில் கல்வி பதியும் என்று. பட்ட மரத்தாணியைப் பற்றி எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. எண்பது, நூறு வருசம் மரத்துக்குள் கிடந்த ஆணி துரு ஏறி மரத்தோடு மரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கொட்டகையில் மாதக்கணக்காகக் குவிந்து கிடக்கும்போது எங்க ஊர் உப்புக்காற்று வேறு மிச்சத்தையும் தின்றுவிடும். குறட்டால் பிடித்து நெம்பினால் ஆணி வராது, தலை மட்டும் பொட்டென்று உடைந்து வரும். தலை போன ஆணிக்குப் பிடி கிடையாது. உளியால் சுற்றிலும் தோண்ட வேண்டும். அதிகம் தோண்டினால் பலகை கெட்டது என்று திட்டு. தோண்டாமல் விட்டால் அந்தப் பலகை பேண்ட்சாவுக்குப் போய் பிளேடின் பல்லை உடைக்கும். உடைந்த பிளேடின் விலை யார் கூலியில் கழியும் என்று நினைக்கிறீர்கள்? பிளேடு ஓட்டுகிறவர் கூலியில் அல்ல.

மூன்று வருசத்துக்கு முன்னால் அப்படி உடைந்த ஒரு துரு ஆணியின் தலை சின்னம்மாவின் வலது கண்ணில் போய் விழுந்தது. உப்பளத்தின் வெள்ளை வெளிச்சத்தில் இருபது வருசம் கூசிக் கூசி ஏற்கெனவே மங்கிப் போயிருந்த கண். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். கண் இருக்கிறது, பார்வை பாதிதான். பட்டறைக்காரர் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தார். அந்த வாரக் கூலியில் அது அட்வான்ஸ் என்று கழிந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி அந்த ஆட்டோ வாடகையைவிடக் குறைந்த விலை.

இந்த வேலைக்கு ஒரு கருவி இருக்கிறது. ஆணி அடிக்கிற ஏர் கன் பலர் பார்த்திருப்பீர்கள், இது அதற்குத் தலைகீழ். மூக்கு குழல் மாதிரி உள்ளே கூடாக இருக்கும். பலகையின் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியின் கூரை அந்தக் குழலுக்குள் விட்டு விசையை அழுத்தினால், உள்ளே இருக்கும் உலக்கை காற்றின் வேகத்தில் இடித்து ஆணியைத் தலைப்பக்கமாகவே வெளியே தள்ளிவிடும். பஞ்சர் கடையில் இருப்பது போன்ற கம்ப்ரசர் போதும். சதுர அங்குலத்துக்கு 80-லிருந்து 120 பவுண்டு அழுத்தம். ஆணிக்குத் தலை இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதில்லை, கூர்ப்பக்கமிருந்து தள்ளுவதால். துரு ஏறிய ஆணிக்கென்றே செய்த மாதிரி. வெளிநாட்டில் பழைய பலகை, பேலட் வேலை செய்கிறவர்கள் பல காலமாக வைத்திருப்பதுதான். அதற்கும் சில பாடு உண்டு. மடக்கி அடித்த ஆணியை முதலில் நிமிர்த்த வேண்டும். கூர் வெளியே வராமல் மரத்துக்குள்ளேயே முடிந்த ஆணியை அது தொடாது, அங்கே குறடும் உளியும்தான். தலைப்பக்கம் கீழே பார்த்தபடி, அடியில் ஒரு வாளி வைத்துத் தள்ள வேண்டும். மேலே பார்த்தால் ஆணி தோட்டா மாதிரி பாயும். கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது.

இதை ஏன் நம் பத்திரிகையில் எழுதுகிறாய் என்று கேட்கிற தோழருக்குத்தான் இதை எழுதுகிறேன். திண்டிவனத்தில் ஒரு கூட்டத்தில் நான் இந்தக் கருவியைப் பற்றிப் பேசினேன். நம் தோழர் ஒருவர், நிறையப் படித்தவர், எழுந்து சொன்னார்: “மெஷின் வந்தா நம்ம பொம்பளைங்க பொழப்பு போயிடும் தோழர். கைத்தொழிலைக் காப்பாத்தறதுதான் நம்ம அரசியல்.” கைதட்டல்கூட வந்தது. எனக்கு அந்தக் கைதட்டலை மறக்க முடியவில்லை. கைத்தொழிலாம். ஆணி பிடுங்குவது யாருடைய கைத்தொழில்? எந்தப் பரம்பரை இதைத் தன் கலை என்று சொல்லிக்கொண்டது? ஆசாரி செதுக்கினால் கலை, அவருக்குப் பெயர் இருக்கிறது, இருக்கட்டும், திறமைதான். சின்னம்மா பிடுங்கினால் கூலி, அதற்குப் பெயர்கூட இல்லை, ‘அந்தக் கிழவி’. பெயரில்லாத பாட்டைக் கைத்தொழில் என்று போற்றுவது காந்தியாருடைய வேலை. ராட்டையில் அவர் கண்ட ஆன்மிகத்தை நாம் குறட்டில் காண வேண்டுமா?

அம்பேத்கர் இதற்கு 1945-லேயே பதில் எழுதிவிட்டார். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் காந்தியத்தைப் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். மிருகத்தைப் போல உழைத்துச் சாகிற வாழ்விலிருந்து மனிதனை மீட்டு அவனுக்கு ஓய்வு தருவது எந்திரம், ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை என்பது அவர் வாதம். எந்திரத்தால் விளைந்த கேடு உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்தக் கேட்டுக்குக் காரணம் எந்திரம் அல்ல, அது யார் சொத்தாக இருக்கிறது, சமூகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதுதான் என்றார். படத்தை மாட்டி மாலை போடுகிறவர்கள் இந்தப் பகுதியை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆணியிலிருந்து ஒரு மணி நேரம் மிச்சமானால் சின்னம்மா அந்த ஒரு மணி நேரம் முதுகை நீட்டிப் படுக்கும். அதற்கு உரிமை இல்லையா?

பட்டறைக்காரர் மறுப்பதற்குக் காரணம் வேறு. வாங்குகிறவர்கள் ‘கையால் செய்தது’ என்பதற்கு மயங்குகிறார்களாம். ஆணி இருந்த ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கறை இருக்குமே, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் கலந்து உண்டாவது, அதைத் தடவிப் பார்த்துப் பரவசப்படுகிறார்கள். அந்த ஓட்டைக்கு விலை இருக்கிறது. ஓட்டையிலிருந்து ஆணியை எடுத்தவளுக்குப் பலகைக் கணக்கில்தான் கூலி. இத்தனைக்கும் கருவியால் தள்ளினால் ஓட்டை சுத்தமாக இருக்கும், குறடு அழுத்திய பள்ளம் விழாது. ஆகவே அழகு என்பதும் சாக்குத்தான். அசல் காரணம் மலிவு. இன்னொரு காரணம் சட்டம். 1948-ம் வருசத் தொழிற்சாலைச் சட்டப்படி மின்சாரம் ஓடுகிற இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை, மின்சாரம் இல்லாவிட்டால் 20 பேர். அதனால்தான் பேண்ட்சா ஓரிடம், ஆணிக் கொட்டகை நூறு அடி தள்ளி ஓலைக்குக் கீழே இன்னொரு இடம், நடுவில் ஒரு காண்ட்ராக்டர். கொட்டகைக்குள் ஒரு வயரை இழுக்க மாட்டார்கள். சாயங்காலம் நாலு மணி ஆனால் வெளிச்சமில்லாமல் தடவித் தடவிப் பிடுங்குவதற்கும் அதுதான் காரணம். அந்தச் சட்டத்தில் கண்ணைக் காப்பதற்கென்றே 35-வது பிரிவு இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு 10-ஐ 20 ஆக்கி, 20-ஐ 40 ஆக்கிவிட்டது. எத்தனை பேருக்குக் கண் போனால் அது தொழிற்சாலை என்று தில்லியில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கண் மட்டுமா? மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே முதல் வகையில் சேர்த்தது. பழைய சன்னலில் ஏழெட்டுப் பூச்சு பெயிண்டு, அதில் ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு இங்கே சட்ட வரம்பு வந்ததே 2017-ல். இப்போது தேக்கு கிடைக்காதபோது துறைமுகத்திலிருந்தும் கம்பெனிகளிலிருந்தும் பேலட் பலகை வருகிறது. அதில் ‘ஹெச்.டி.’ என்று முத்திரை இருந்தால் சூடு காட்டியது. ‘எம்.பி.’ என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. ஓட்டுக் கேட்டு வருகிற எம்.பி. இல்லை, இது வேறு. முகாமிலிருந்து வரும் ஒரு அக்காவுக்குத்தான் ஆங்கில எழுத்து தெரியும், அது படித்துச் சொல்லி எம்.பி. பலகையைத் தனியாகத் தள்ளி வைப்பார்கள். மேஸ்திரி வந்து திரும்பவும் குவியலில் போடுவார்.

என்னை எதிர்த்துப் பேசிய தோழர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே ஒரு பட்டறையில் அந்தக் கருவி வந்தது. நானே போய்ப் பார்த்தேன். வந்த அன்றைக்கே அதைப் பிடிக்க முதலாளியின் சொந்தக்காரப் பையன் வந்துவிட்டான். அவனுக்குப் பேர் ‘ஆபரேட்டர்’. நாள் கூலி, நாற்காலி, கண்ணாடி. பன்னிரண்டு பொம்பளைகளில் எட்டுப் பேரை நிறுத்திவிட்டு, மீதி நாலு பேர் மடங்கின ஆணியை நிமிர்த்திக் கொடுக்கவும், விழுந்த ஆணியைப் பொறுக்கவும். அதாவது கை வேலையாக இருக்கிறவரைக்கும் அது நம்முடையது, விசை வைத்தவுடன் அவர்களுடையது. சாக்கடை அள்ளுகிற எந்திரம் வந்தபோதும் இதைத்தான் பார்த்தோம். 2013-ல் சட்டம் போட்டார்கள். எந்திரத்தின் டெண்டர் யார் பேரில், அது அடைத்துக்கொள்ளும்போது குழிக்குள் இறங்குவது யார் என்று விசாரித்துப் பாருங்கள். இதற்காக எந்திரத்தை எதிர்ப்பது என்றால், பந்தியில் நமக்கு இலை போடவில்லை என்பதற்காகச் சோற்றைத் திட்டுவது மாதிரி. சண்டை அந்த விசைக்கு. அதன்மேல் எந்த விரல் இருக்க வேண்டும் என்பதற்கு.

அரைநாளில் கற்றுக்கொள்ளலாம். தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்து, பஞ்சர் கடைத் தம்பியின் கம்ப்ரசரில் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை சேரி வாசலில் வைத்தோம். பையன்கள் சுற்றி நின்றார்கள். சின்னம்மா முதலில் தொடவே இல்லை. “சத்தம் போடுது, எனக்கு வாணாம்.” கண்ணாடியை மாட்டிவிட்டேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தது. முதல் ஆணி வாளியில் டங்கென்று விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. பத்து ஆணிக்கு அப்புறம் நிறுத்திவிட்டு மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டது. “இத வெச்சிக்கினே தலைய புட்டுக்கினு தோண்ட வெச்சானுங்களாடா எங்கள?”

தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க மனு எழுதியிருக்கிறோம். கருவியை ஏற்கெனவே வேலை செய்கிறவர்கள் கையிலேயே கொடுத்துப் பழக்க வேண்டும், யாரையும் நிறுத்தக் கூடாது. பலகைக் கணக்கு போய் நாள் கூலி வர வேண்டும். கண்ணாடி, முகமூடி, வருசத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் பரிசோதனை. காண்ட்ராக்டரையும் பட்டறையையும் ஒன்றாக எண்ணி இ.எஸ்.அய்.யில் சேர்க்க வேண்டும், அதற்கு இன்னும் 10 பேர் போதும். எம்.பி. முத்திரைப் பலகையைக் கொட்டகைக்குள் இறக்கக் கூடாது. பிளேடு உடைந்தால் கூலியில் பிடிக்கக் கூடாது. உரக்கப் படித்துக் காட்டினேன். பதினாலு பேர் கைநாட்டும் கையெழுத்தும் வைத்தார்கள்.

சின்னம்மா பெருவிரலில் மையோடு கொஞ்ச நேரம் யோசித்தது. முன்பெல்லாம் பிடுங்கின ஆணியைச் சாயங்காலம் மடியில் கட்டிக்கொண்டு வந்து பழைய இரும்புக்காரனுக்குப் போடுவார்கள், பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்குகிற காசு. இரண்டு வருசமாகப் பட்டறையில் அதையும் எடை போட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

“எல்லாம் எழுதின. புடுங்கின ஆணி யாருக்குன்னு எழுதலியே. அதயும் எழுதுடா, அப்பறம் ரேகை வெக்கிறேன்.”