பாலத்துக்கும் ஒரு கிளினிக் கொப்பி வேண்டும்



பாலம் திறந்தால் நாங்கள் திரண்டு போய்ப் பார்க்கிறோம். பத்து வருடம் கழித்து அது எப்படி இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் நாட்டில் குறைவு.

இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967இல் திறந்த மொராண்டி பாலத்தின் தாங்கு கம்பிகள் கொங்கிரீட்டுக்குள் மூடியிருந்தன. உள்ளே பிடித்த துரு கண்ணுக்குத் தெரியவில்லை. 2018 ஆகஸ்ட் 14இல் பாலம் இடிந்து 43 பேர் மௌத்தானார்கள். அதே இடத்தில் 2020இல் திறந்த புதிய பாலத்தில் சென்சர்கள் பொருத்தியிருக்கிறார்கள்.

பிறஷர்காரரின் கிளினிக் கொப்பி போலத்தான் இதுவும். ஒருநாள் அளவு எதையும் சொல்லாது. வருடக்கணக்கான பதிவுதான் மாற்றத்தைக் காட்டும்.

எங்கள் கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது. 396 மீற்றர் நீளம். கீழே உப்புத்தண்ணீர். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு உப்பு பெரும் எதிரி. பாலம் இல்லாத வலியும் எங்களுக்குத் தெரியும்: 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பிள்ளைகளை இழந்த ஊர் இது.

சென்சருக்குக் காசில்லாவிட்டாலும், வெடிப்பின் அகலத்தை வருடாவருடம் அளந்து எழுதலாம். அந்தப் பதிவைக் கேட்க 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஊர்ப் பள்ளிவாசல்களும் சங்கங்களும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் போடுவோம்.

ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதான் தவக்குல்.