கறுப்பாக இருந்தால் போதுமா?

சொட்டுநீர்க் குழாய் வாங்கும் விவசாயி அதை வளைத்துப் பார்க்கிறார். நகத்தால் கீறிப் பார்க்கிறார். புதுப் பாலித்தீனும், பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்ததும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கோடையில் குழாய் வெடித்து வாழை வாடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் அதற்கு அவ்வளவு நாள் ஆகாது. சிறு துண்டு ஒன்றைச் சீராகச் சூடேற்றினால், பாலித்தீன் 110 முதல் 130 டிகிரி செல்சியசுக்குள் உருகிவிடும். 160 டிகிரியை ஒட்டி இன்னொரு பகுதி உருகினால் பாலிபுரோப்பிலீன் கலந்திருக்கக்கூடும். 200 டிகிரியில் ஆக்சிஜனைச் செலுத்தி, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்றும் பார்ப்பார்கள். சிதைவைத் தடுக்கச் சேர்த்த மருந்து மிச்சமிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். உருகியது எவ்வளவு இளகி ஓடுகிறது என்பது வேறு சோதனை. 190 டிகிரியில் 2.16 கிலோ எடை அழுத்த, 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று நிறுப்பார்கள். வெல்லப்பாகுக்குப் பதம் பார்ப்பது போலத்தான்! சென்னை கிண்டியிலுள்ள சிப்பெட் நிறுவனத்தில் பிளாஸ்டிக் சோதனைக்கு வசதி இருக்கிறது.

தொழிற்சாலையில் எடுத்த மாதிரி மட்டும் போதாது. தோட்டத்தில் இறக்கிய சுருளிலிருந்தும் துண்டு வெட்டி அனுப்பவேண்டும். மானியத்தில் தரும் குழாய்க்கு அந்தச் செலவையும் மானியத்திலேயே சேர்ப்பதுதான் நியாயம். முடிவின் நகல், பட்டியலோடு சேர்ந்து விவசாயியின் கைக்கு வரவேண்டும்.